ஆலை வாசலுக்கு ஒரு கிலோ மீட்டர் முன்னால்!

காலை ஆறு மணிக்குச் சாரத்தில் காமராசர் சாலை ஓரமாக நின்று பாருங்கள். பஸ்ஸும் காரும் மோட்டார் சைக்கிளும் நடுச் சாலையை எடுத்துக்கொண்டு போகும். சாலையின் விளிம்பை ஒட்டி, மண்ணிலும் பாதி தாரிலும் பாதியாக, சைக்கிள்கள் போகும். ஹாண்டில்பாரில் ஒரு துணிப் பை. கேரியரில் டிபன் டப்பா. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்கு ஒருவர், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஒருவர், கட்டட வேலைக்கு ஒருவர், இரவெல்லாம் காவல் காத்துவிட்டு வீடு திரும்புகிறவர் ஒருவர்.

இவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கவா போகிறார்கள்? கடற்கரையில் காற்று வாங்கவா போகிறார்கள்? ஷிப்டுக்குப் போகிறார்கள். பத்து நிமிடம் பிந்தினால் கூலியில் கை வைப்பார்கள் என்ற பயத்தோடு பெடலை மிதிக்கிறார்கள்.

அந்தச் சாலையில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கை ஒடிந்தது, கால் ஒடிந்தது. மாதக் கணக்கில் படுக்கை. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த பணம் இருக்கிறதே, இன்ஷ்யூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே என்று அந்தத் தொழிலாளியின் மனைவி மனுவை எடுத்துக்கொண்டு போகிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மனுவைப் புரட்டிப் பார்க்கிறார். "விபத்து ஆலைக்கு வெளியே நடந்திருக்கிறது அம்மா. இது வேலை விபத்து ஆகாது" என்கிறார்.

தீர்ந்தது! ஒரே ஒரு வாக்கியம். வீட்டில் அடுப்பு அணைய அது போதும்.

நாம் கேட்கிறோம்: ஆலைக்கு வேலைக்காகப் போகிறவன், ஆலை வாசலை மிதித்த பிறகுதான் தொழிலாளியா? வாசலுக்கு ஒரு கிலோ மீட்டர் முன்னால் அவன் யார்? வழிப்போக்கனா?

இது நமது கற்பனையில் பிறந்த கேள்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் கேள்வி நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போனது ஒரு சைக்கிள் தொழிலாளியின் வழக்கு. அந்தக் கதையைத் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கொரட்டியில் நடந்தது

கேரளத்தில் கொரட்டி என்று ஓர் ஊர். 1971 ஜூன் 26ஆம் தேதி. அங்கே ஓர் ஆலைத் தொழிலாளி தன் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாலை நாலரை மணிக்கு ஷிப்டு. மணி நாலே கால். ஆலைக்கு இன்னும் சுமார் ஒரு கிலோ மீட்டர்தான். அந்த இடத்தில் ஒரு லாரி அவர் மீது மோதியது. கழுத்துப் பட்டை எலும்பு முறிந்தது.

மோதிய லாரி யாருடையது தெரியுமா? அவர் எந்த ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாரோ, அதே ஆலையின் லாரி!

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவர் அவர். வேலை விபத்துக்குரிய ஊனத் தொகையைக் கேட்டார். கார்ப்பரேஷன் மறுத்தது. தொழிலாளி விடவில்லை. ஈ.எஸ்.ஐ. வழக்குகளுக்கென்று உள்ள கோர்ட்டுக்குப் போனார், வென்றார். கார்ப்பரேஷன் அப்பீல் செய்தது. கேரள ஹைகோர்ட்டிலும் தொழிலாளியே வென்றார். அப்போதும் கார்ப்பரேஷனுக்கு மனம் ஆறவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே முதலில் விசாரித்த இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு பெரிய அமர்வுக்குப் போயிற்று. 1996ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிவு வந்தது. தொழிலாளி தோற்றார்.

சாலை விபத்து எங்கும் எப்போதும் யாருக்கும் நேரலாம். வேலைக்குப் போகிற வழியில் நேர்ந்தது என்பதால் மட்டும் அது வேலையிலிருந்து விளைந்த விபத்து ஆகிவிடாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

இருபத்தைந்து ஆண்டுகள்! ஒரு முறிந்த எலும்புக்காக, மூன்று கோர்ட்டுப் படிகளை ஏறி இறங்கிக் கால் நூற்றாண்டு. எதிரே நின்றது யார்? தனியார் இலாபக் கம்பெனி அல்ல. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசிலும், அவன் உழைப்புக்காக முதலாளி கட்டிய காசிலும் நடக்கிற கார்ப்பரேஷன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே கோயிலைக் கட்டியவனே தொழிலாளிதான், அவனுக்குத்தான் கதவடைப்பு!

ஒரு சொல்லின் விலை

"வேலை விபத்து என்றால் என்ன, சாதாரண விபத்து என்றால் என்ன? எப்படியும் வைத்தியம் பார்க்கிறார்கள் அல்லவா?" என்று கேட்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

ஒரு தொழிலாளியின் சராசரி நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் அடிபட்டு 180 நாள் வேலைக்குப் போக முடியவில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டப்படி அது "வேலை விபத்து" என்று ஏற்கப்பட்டால், தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நாளுக்கு 450 ரூபாய். வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் கிடைக்கும். 180 நாளைக்கு 81,000 ரூபாய்.

"இது வேலை விபத்து ஆகாது" என்று எழுதிவிட்டால்? அது வெறும் நோய் விடுப்பு ஆகிவிடும். கூலியில் 70 சதவீதம். நாளுக்கு 350 ரூபாய். அதுவும் அதிகபட்சம் 91 நாள். மொத்தம் 31,850 ரூபாய். மீதி நாட்களுக்குப் பட்டினி!

வித்தியாசம் 49,150 ரூபாய். ஒரு சொல்லுக்கு இந்த விலை.

இதோடு முடியவில்லை. கையோ காலோ நிரந்தரமாக ஊனமானால், வேலை விபத்து என்று ஏற்கப்பட்டவனுக்கு ஊனத்தின் அளவுக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதத் தொகை உண்டு. இறந்துபோனால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் தொகை உண்டு. நோய் விடுப்பாக எழுதிவிட்டால் இவை எதுவும் இல்லை. நோய் விடுப்புக்கு, சந்தா கட்டிய நாட்கள் குறைந்தது 78 இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேலை விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. நேற்றுச் சேர்ந்து இன்று அடிபட்டாலும் உரிமை உண்டு.

ஆகவேதான் அந்தச் சொல்லுக்காக ஒருபுறம் தொழிலாளியும் மறுபுறம் கார்ப்பரேஷனும் கம்பெனிகளும் நின்று இத்தனை ஆண்டு மல்லுக்கட்டினார்கள்.

படகும் பஸ்ஸும் சைக்கிளும்

வேலை எங்கே துவங்குகிறது என்ற வழக்கு கொரட்டியில் பிறந்தது அல்ல. அதற்கும் முன்னால் உப்பளத் தொழிலாளர்கள் இந்தக் கேள்வியோடு தண்ணீரில் மூழ்கியிருக்கிறார்கள்.

1952ஆம் ஆண்டில் சௌராஷ்டிரத்தில், போர்பந்தர் உப்பளத்தில் வேலை முடித்துத் திரும்பிய தொழிலாளர்கள் கழியைக் கடக்கப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. சிலர் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டன. 1958ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. அது ஊரார் எல்லாரும் ஏறுகிற பொதுப் படகு. ஆகவே வேலையின் எல்லை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொன்னது.

1963ல் பம்பாய் பஸ் டிரைவர் ஒருவரின் வழக்கு வந்தது. வேலை முடிந்து, தன் நிர்வாகத்தின் பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தவர் அவர். அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நிர்வாகத்தின் பஸ்ஸில் போனார். ஆகவே வேலையின் எல்லை அதுவரை நீண்டது.

ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே போல் ஒரு விதி இருந்தது. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது அடிபட்டால் அது வேலை விபத்து.

தோழர்களே, இதில் ஒளிந்திருக்கிற நியாயத்தைப் பாருங்கள். முதலாளி வேன் அனுப்பினால் அதில் போகிற தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. வேன் அனுப்பாத முதலாளியிடம் வேலை செய்கிறவன், சொந்தக் காசில் சைக்கிள் வாங்கி, சொந்தக் காலால் மிதித்துப் போனால் பாதுகாப்பு இல்லை! செலவை மிச்சம் பிடித்தது முதலாளி. அதற்குத் தண்டனை தொழிலாளிக்கு!

மற்ற நாடுகள் இதை எப்படிப் பார்த்தன? ஜெர்மனியில் 1925ஆம் ஆண்டிலேயே, வேலைக்குப் போகிற வழியில் நேர்கிற விபத்தை வேலை விபத்தாக ஏற்றுக்கொண்டார்கள். பிரான்சில் 1946ல் ஏற்றுக்கொண்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1964ல் வகுத்த 121ஆம் ஒப்பந்தம், வழி விபத்து எந்த நிலையில் வேலை விபத்தாகும் என்பதை வேலை விபத்தின் இலக்கணத்திலேயே சேர்க்கச் சொன்னது.

1946 என்றோம். அந்த ஆண்டில் நமது புதுச்சேரியில் எந்தக் கொடி பறந்தது? அதே பிரெஞ்சுக் கொடிதான்! பாரிசுத் தொழிலாளி தன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே சட்டம் அவனுக்குக் குடை பிடித்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1936 ஜூலை 30ல், அதே பிரெஞ்சு ஆட்சி நமது சவானா ஆலைத் தொழிலாளிகளுக்குப் பிடித்தது துப்பாக்கி. 12 பேர் உயிர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

ஆலை வாசலுக்கு உள்ளே இருக்கிற நேரத்தை நமது முன்னோர் இரத்தம் சிந்தி அளந்து வாங்கினார்கள். வாசலுக்கு வெளியே கிடக்கிற சாலையை அளந்து வாங்குகிற வேலை மிச்சம் இருந்தது.

சட்டம் திருந்திய கதை

அந்த வேலை சிறுகச் சிறுகத்தான் நடந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

1996 தீர்ப்புக்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தியது. 51-ஈ என்ற புதிய பிரிவு 2010 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதும் நேர்கிற விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும் என்று அது சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை: விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும்.

கொரட்டித் தொழிலாளியை இந்தப் பிரிவின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். நாலரை மணி ஷிப்டுக்கு நாலே காலுக்கு ஆலைக்குப் போகிற சாலையில் சைக்கிளில் போனவர். நேரமும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. அவர் கேட்டது நியாயம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ள முப்பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

அப்படியானால் ஈ.எஸ்.ஐ.யில் சேராத தொழிலாளியின் கதி? அவருக்கு 1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. அதில் இப்படி ஒரு பிரிவு இல்லை. "வழியில் விழுந்தவனுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் சொல்லிவந்தன.

அதற்கும் ஒரு தொழிலாளியின் மரணம்தான் பதில் சொன்னது. மராட்டிய மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. 2003 ஏப்ரல் 22ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணி ஷிப்டுக்குப் போகிறார். ஆலைக்குச் சுமார் 5 கிலோ மீட்டர் முன்னால் சாலை விபத்தில் இறந்துபோகிறார். நஷ்டஈட்டுக் கமிஷனர் குடும்பத்துக்கு 3,26,140 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் 2011ல் பம்பாய் ஹைகோர்ட்டு அதை ரத்து செய்தது. அந்த விதவை ஓயவில்லை. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 51-ஈ பிரிவு புதிதாக உரிமை தந்த பிரிவு அல்ல, ஏற்கெனவே இருந்த உரிமையை விளக்குகிற பிரிவு. ஆகவே அதே பொருள் பழைய நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று கோர்ட்டு சொன்னது.

மூன்றே கால் லட்ச ரூபாய்க்கு இருபத்திரண்டு ஆண்டுகள்! ஆனாலும் அந்தத் தாய் வென்றது தன் குடும்பத்துக்காக மட்டும் அல்ல. நள்ளிரவிலும் விடியலிலும் வேலைக்குக் கிளம்புகிற எல்லாக் காவலாளிகளுக்கும் சேர்த்து வென்றார்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த வழி விபத்து விதி இடம் பெற்றிருக்கிறது. அந்த நான்கு தொகுப்புகளையும் எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடிவருகின்றன, நாமும் எதிர்க்கிறோம். ஆனால் இந்த ஒரு விதியைச் சர்க்கார் தந்த பரிசு என்று யாராவது மேடையில் சொன்னால், கொரட்டிச் சைக்கிளையும் போர்பந்தர்ப் படகையும் நினைவுபடுத்துங்கள். பரிசு அல்ல, பாக்கி!

மோதிய வண்டியின் கணக்கு

இதுவரை சொன்னது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. மோதிய வண்டியின் பொறுப்பு தனி.

சைக்கிளுக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் சாலையில் ஓடுகிற ஒவ்வொரு மோட்டார் வண்டியும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம். அந்த மூன்றாம் நபர் யார்? நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும்தான். லாரிக்காரர் கட்டிய பிரீமியம், நமக்காகக் கட்டிய பிரீமியம்.

இங்கேயும் கம்பெனிகள் கைவிரிப்பதற்குக் காரணம் தேடும். "டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே பணம் இல்லை" என்பார்கள். 2004ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதற்கு வழி சொல்லிவிட்டது: பொதுவாக, முதலில் அடிபட்டவனுக்குப் பணத்தைக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தது வண்டிக்காரரின் குற்றம். அடிபட்டவனின் குற்றமா அது?

"போலீசில் பிந்திப் புகார் கொடுத்தார், ஆகவே சந்தேகம்" என்பார்கள். விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா, ஸ்டேஷனுக்கு ஓடுவார்களா? 2011ல் சுப்ரீம் கோர்ட்டு இதையும் சொல்லிவிட்டது: எப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான மனுவைத் தள்ளக் கூடாது.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கேட்கிற வழியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2½ லட்சம். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் தருகிற திட்டம் அதே நாளில் அமலுக்கு வந்தது. 2025 மே மாதத்தில், மோட்டார் வண்டி விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை 1½ லட்ச ரூபாய் மட்டும் ரொக்கம் கேட்காமல் வைத்தியம் செய்கிற திட்டமும் அறிவிக்கப்பட்டது.

நமது ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியின் எல்லை ஒரே கோடாக இல்லை. சில மைல் சைக்கிள் மிதித்தால் புதுச்சேரி மண், தமிழ்நாட்டு மண், மறுபடியும் புதுச்சேரி மண் என்று மாறி மாறி வரும். "விபத்து அந்தப் பக்கம் நடந்தது, அங்கே போய்க் கேள்" என்று யாராவது விரட்டினால் நம்பாதீர்கள். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலும் போடலாம், மனுதாரர் குடியிருக்கிற இடத்திலும் போடலாம். சாரத்தில் குடியிருப்பவர் புதுச்சேரித் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மனுப் போட ஆறு மாதக் கெடு உண்டு. 1994ல் நீக்கப்பட்ட காலக்கெடுவை 2019 திருத்தத்தின் மூலம் மீண்டும் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கினார்கள். அதை எதிர்த்த வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கின்றன. வழக்கு வெல்லும் என்று காத்திருந்து நம் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

நம்மிடம் உள்ள குறை

கம்பெனிகளைச் சாடினோம், கார்ப்பரேஷனைச் சாடினோம். நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

விபத்து நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடுகிறோம். லாரியை மறிக்கிறோம். கூச்சல் போடுகிறோம். யாரோ ஒருவர் இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்துச் சமாதானம் பேசுகிறார். அடிபட்டவர் வலியில் தலையை ஆட்டுகிறார். வண்டி போய்விடுகிறது. வண்டி எண்ணைக்கூட யாரும் குறித்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில், "சைக்கிளிலிருந்து தானாக விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். போலீஸ் தொல்லை வேண்டாம் என்ற பயம். அந்த ஒரு வரி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு ஆறு மாதம் கழித்து எந்த வக்கீல் வந்து வாதாடினாலும் அந்த வரி எழுந்து நின்று எதிர்சாட்சி சொல்லும்!

சைக்கிளுக்குப் பின்விளக்கு இல்லை. சிவப்புப் பட்டைகூட இல்லை. விடியற்காலை இருட்டில் இப்படிப் போனால் உயிருக்கும் ஆபத்து, உரிமைக்கும் ஆபத்து. "அடிபட்டவர் மீதும் பாதித் தவறு" என்று கம்பெனி வக்கீல் பிடித்துக்கொள்வார். ஒரு சிவப்புப் பட்டைக்கு ஒரு டீயின் விலைக்கு மேல் ஆகாது. ஒட்டுங்கள்.

ஈ.எஸ்.ஐ. அட்டை பெட்டியில் தூங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிற பல தோழர்களுக்குத் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்பதே தெரியாது. சம்பளத்தில் பிடித்தம் நடக்கும், கணக்கில் ஏறியிருக்காது. விபத்து நடந்த அன்றுதான் உண்மை தெரியும். அன்று தெரிந்து என்ன பயன்? இன்றே கேளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

விபத்து நடந்தால், முதலில் உயிர். ஆஸ்பத்திரி. அங்கே பதிவேட்டில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வண்டி மோதியது, எந்த வேலைக்குப் போகும்போது என்பதை உள்ளது உள்ளபடி எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஏ.ஆர். காப்பி பொன் போன்றது.

கூட இருக்கிற தோழர் ஒருவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே கேட்டு வாங்க வேண்டும். விபத்தின் முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் போலீசே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. அனுப்பினார்களா என்று கேட்பது நமது உரிமை.

இன்னொரு தோழர் ஆலைக்குப் போய் நிர்வாகத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். விபத்து அறிக்கையை ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்புவது நிர்வாகத்தின் கடமை. அன்றைய ஷிப்டு எத்தனை மணிக்கு என்பதற்கு வருகைப் பதிவேடோ ஷிப்டுப் பட்டியலோ சாட்சி. வழக்கமாகப் போகிற வழி அதுதான் என்பதற்கு உடன் போகிற தோழர்கள் சாட்சி. சூழ்நிலை, நேரம், இடம் என்று சட்டம் கேட்கிற மூன்றும் இப்படித்தான் கைக்கு வரும்.

அதற்குப் பிறகும் "இல்லை" என்றால்? வாயால் சொல்கிற "இல்லை"யை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். என்ன காரணம், எந்த விதி என்று கேளுங்கள். வாயால் துணிந்து சொல்கிற பலர் எழுதத் துணிய மாட்டார்கள்! எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம்தான் அப்பீலுக்கு முதல் படி. ஈ.எஸ்.ஐ. மறுப்பை எதிர்க்க அதற்கென்று கோர்ட்டு இருக்கிறது. ஊனத்தின் சதவீதத்தைக் குறைத்துப் போட்டால் மருத்துவ அப்பீல் உண்டு. தன் பெயரிலேயே எடுத்த பாலிசியில் கம்பெனி கைவிரித்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். புதுச்சேரி அவருடைய எல்லையில்தான் வருகிறது. மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு மனு போதும்.

இதையெல்லாம் கை ஒடிந்து படுத்திருக்கிற ஒரு தனி மனிதர் செய்ய முடியுமா? முடியாது. அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைய முடியுமா? முடியாது. ஆகவேதான் நாம் கிளைகளுக்குச் சொல்கிறோம்: ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நம் பகுதியில் அடிபட்ட தொழிலாளி யார், எந்த நாள், மனுப் போட்டாயிற்றா, ஆறு மாதக் கெடு எப்போது முடிகிறது என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இதற்கென்று நிறுத்துங்கள். அவர் நமது கட்சிக்காரரா, மாற்றுக் கட்சிக்காரரா என்று பார்க்க வேண்டாம். லாரி கொடியைப் பார்த்தா மோதுகிறது?

முதலியார்பேட்டை ஆலைச் சங்குகள் ஓய்ந்துவிட்டன. ஏ.எப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஒரே வாசலில் ஆயிரக் கணக்கில் கூடி நின்ற தொழிலாளி, இன்று பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்கும், ஒப்பந்தக்காரரின் கீழும் சிதறிப் போயிருக்கிறார். ஆலை வாசலில் கூடுவது குறைந்துவிட்டது. ஆனால் காலை ஆறு மணிக்கு அவர்கள் எல்லாரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். அந்தச் சாலைதான் இன்று நமது ஆலை வாசல்.

நாளைக் காலையில் காமராசர் சாலையில் சைக்கிளில் போகிற தோழரை நிறுத்துங்கள். முதலில், சைக்கிளுக்குச் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதாக இதைச் சொல்லுங்கள்: "தோழரே, உங்கள் வேலை ஆலை வாசலில் துவங்கவில்லை. உங்கள் வீட்டு வாசலிலேயே துவங்கிவிட்டது. இல்லை என்று யாராவது சொன்னால், எழுத்தில் வாங்கிக்கொண்டு நம்மிடம் வாருங்கள்!"